கால் பழகின வண்டி

அத்தியாயம் 14

போன அத்தியாயத்தில் கார் சாவியைக் காணோம் என்று லெப்பைக்குடிக்காட்டில் அந்த வீடே தலைகீழாகக் கிடந்ததே, நினைவிருக்கிறதா கண்ணுங்களா? சாகிரா அரிசி டின்னுக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினாள். சாவி எங்கேயும் தொலையவில்லை. கத்தாரிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருக்கிற கொழுந்தன் ஆசிப்பின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

“பெரம்பலூர்ல ஒரு வேலை, போயிட்டு வந்தேன் அண்ணி. நம்ம வண்டிதானே? சொல்லிட்டா எடுக்கணும்?” என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

நம்ம வண்டிதான். யார் இல்லை என்றது? ஆனால் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டிக்கு வேறு வேலை இருக்கிறது. மாமியார் ஹமீதா பீவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுத்தால் எழுந்திருக்க நாலு மணி நேரம். பஸ்ஸில் ஒரு மாதம் போய்ப் பார்த்தார்கள். மாமி ஒருநாள் பஸ் படிக்கட்டிலேயே மயங்கி உட்கார்ந்த பிறகு, சார்ஜாவில் இருக்கிற மூத்த மகன் நிஜாமுதீன் இந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவன் மனைவி சாகிரா.

அந்தத் தெருவில் கார் ஓட்டின முதல் பெண் அவள்தான். அப்போது பேசாத வாய் இல்லை. இப்போது அதே வாய்கள், “சாகிரா, பெரம்பலூர் போறியா? என்னையும் ஏத்திக்கம்மா” என்கின்றன.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலை ஆறரை மணிக்கு மாமியைப் பின் சீட்டில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு சாகிரா முன்னால் ஏறினாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். வெறுங்காலோடு ஓட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

“பிஸ்மில்லாஹ்” என்றார் மாமி. “சீக்கிரம் எடு புள்ள. நீ ஓட்டுற வேகத்துக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள மத்தியான லுஹர் பாங்கு சொல்லிடுவாங்க.”

இது வாரத்துக்கு மூன்று முறை நடக்கிற கிண்டல். சாகிரா சிரித்தபடி மிதியில் காலை வைத்தாள். எப்போதும் வைக்கிற மாதிரிதான் வைத்தாள். தூங்குகிற குழந்தையின் நெஞ்சில் கை வைக்கிற மாதிரி.

வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள்.

“யா அல்லாஹ்!” மாமியின் நெற்றி முன் சீட்டில் இடித்தது. “என்னாடி இது?”

“தெரியலை மாமி. கால் வழுக்கிடுச்சு போல.”

கால் வழுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரு முனை திரும்புவதற்குள் இன்னொரு தடவை வெட்டியது. அகரம்சீகூர் வருவதற்குள் நாலு தடவை. வழக்கமாக அவள் காலை வைத்ததும் சத்தமே இல்லாமல் அடுத்த கியருக்கு மாறிக்கொள்கிற வண்டி, இன்றைக்குக் கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு கத்தியது. காலை எடுத்தால் முகத்தில் அடித்த மாதிரி நின்றது.

மூன்று வருஷமாகத் தன்னோடு ஒரு வார்த்தை ஏறுக்கு மாறாகப் பேசாத ஒருத்தி, திடீரென்று ஒருநாள் காலையில் முகம் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது சாகிராவுக்கு. நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் மனசு தேடியது. பெண்பிள்ளை மனசு அப்படித்தான் பழக்கப்பட்டுக் கிடக்கிறது, என்ன செய்ய?

நேற்றுச் சாயங்காலம் ஆசிப் வண்டியைக் கழுவித் துடைத்து நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பானெட்டைத் திறந்தும் எடுத்தான். கத்தார் கூட்டாளிகளுக்குப் பெருமை காட்டுகிறான் என்று அப்போது நினைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மாமி சொன்னார். “பதினேழு.”

“என்ன மாமி?”

“பதினேழு தடவை தூக்கிப் போட்டுச்சு. எண்ணிக்கிட்டே வந்தேன். ராத்திரி தூங்குனியா இல்லையா நீ?”

*

மெஷின் முடிந்து வெளியே வரும்போது மாமி எப்போதும் பிழிந்து உதறின துணி மாதிரி இருப்பார். இடது கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருப்பார்கள். பிரஷர் இறங்கியிருக்கும். ஒரு குலுக்கல் போதும், வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்துவிடும். முதல் மாதம் வாரம் மூன்று நாளும் வந்தது. சாகிராவும் வாரம் மூன்று நாளும் வண்டியைக் கழுவினாள்.

அப்புறம்தான் அவள் காலுக்குப் பாடம் படித்துக் கொடுத்தாள். வேகத்தடைக்கு எவ்வளவு முன்னால் காலை எடுப்பது, குன்னம் பக்கம் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றின டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் எப்படி ஒரே சீராக ஊர்வது, எல்லாம். யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மாமியின் முகம் சுருங்கினால் தப்பு, சுருங்காவிட்டால் சரி. அவ்வளவுதான் அவள் பள்ளிக்கூடம்.

பேரளி தாண்டினதும் ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். மஞ்சள் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. எதிரே டிப்பர் வந்தது. சாகிரா வண்டியை நிறுத்தி, லாரி போனதும், மெல்லக் காலை வைத்தாள்.

வண்டி ஒரு குதி குதித்தது.

மாமியின் இடது கை கதவில் போய் அடித்தது. “அம்மா!” என்ற சத்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளைக் கட்டு சிவந்துகொண்டே வந்தது.

சாகிரா வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் ஓடினாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மாமி மறுபக்கம் சாய்ந்து மக்காச்சோளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். மாமியைத் தோளில் தாங்கிக்கொண்டு, அழுத்தின விரலை எடுக்காமல், பத்து நிமிஷம் அந்த வெயிலில் நின்றாள். சோளம் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து தண்ணீர் நீட்டினாள்.

“தண்ணி குடிக்கக் கூடாதுங்க. டாக்டர் சொன்ன அளவுதான். முகத்தை மட்டும் துடைச்சு விடுங்க.”

“வயசானவங்களை வெச்சுக்கிட்டு பார்த்து ஓட்டக் கூடாதா பாப்பா?” என்றாள் அந்த அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து ஆசிப்பின் போன்.

“எங்க இருக்கீங்க அண்ணி? எனக்கு நாலு மணிக்கு அரியலூர்ல கூட்டாளியோட கல்யாண விருந்து, வலீமா. வண்டி வேணும்.”

“உங்கம்மாவுக்குக் கையில ரத்தம் வந்துடுச்சு. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம். வண்டி ஒரு மாதிரியா தூக்கிப் போடுது.”

“தூக்கிப் போடுதா? நேத்துதானே சும்மா பறக்குற மாதிரி ஆக்கி வெச்சேன்! உங்களுக்கு ஓட்ட வரலைன்னு சொல்லுங்க.”

“ஆக்கி வெச்சீங்களா? என்ன பண்ணீங்க?”

“சர்வீஸ்ல விட்டு, உள்ள கம்ப்யூட்டர்ல இருந்த பழசையெல்லாம் அழிச்சுட்டேன். அப்புறம் சிறுவாச்சூர் வழியா திருச்சி வரைக்கும் ஒரே அழுத்து. அடேயப்பா, என்னா இழுவை! அம்மாவுக்குப் பரவாயில்லையா?”

அம்மாவைக் கடைசியில்தான் கேட்டான். சாகிரா போனை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றி, பிரஷர் பார்த்து, அரை மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். நர்ஸும் ஒரு வார்த்தை சேர்த்தாள். “பார்த்து மெதுவா ஓட்டுங்க அக்கா.”

மெதுவா ஓட்டுங்க! மூன்று வருஷமாக மெதுவாக ஓட்டுகிறாள் என்று மாமியிடம் திட்டு. இன்றைக்கு மெதுவாக ஓட்டவில்லை என்று ஊரெல்லாம் திட்டு. அவள் ஓட்டினது என்னவோ அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான்.

“மாமி,” என்றாள், “சர்வீஸ்ல ஒரு நிமிஷம் காட்டிட்டுப் போயிடுவோம். என்னான்னு தெரியாம இந்த வண்டியில உங்களை வெச்சு நான் வீடு வரைக்கும் ஓட்ட மாட்டேன்.”

மாமி மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை.

*

சர்வீஸ் சென்டரில் வளர்மதி என்று ஒரு பெண். வேப்பந்தட்டையிலிருந்து தினம் ஸ்கூட்டியில் வருகிறவள். டிப்ளமோ படித்தவள். முழங்கை வரை கிரீஸோடு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தால், “மெக்கானிக் யாரும் இல்லையாம்மா?” என்று அவளிடமே கேட்கிற ஆட்கள் உண்டு. “நான் பாத்திரம் கழுவ வந்தவ சார்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சாகிராவின் காரை மூன்று வருஷமாக அவள்தான் பார்க்கிறாள்.

மாமியை ஏ.சி. அறையில் சோபாவில் உட்கார வைத்துவிட்டு சாகிரா விஷயத்தைச் சொன்னாள். வளர்மதியின் முகம் மாறியது.

“அக்கா, நேத்து உங்க வூட்டு ஆளு ஒருத்தர் வந்தாரு. வண்டியில பிக்கப் இல்ல, சரி பண்ணுன்னாரு. நீங்க சொல்லித்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன்.”

“நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலையே.”

வளர்மதி ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“இந்த இஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கே, அது ஓட்டுறவங்க காலைப் பார்த்துக்கிட்டே இருக்கும் அக்கா. மிதியை எவ்ளோ அழுத்துறீங்க, எவ்ளோ வேகமா அழுத்துறீங்க, எப்ப எடுக்குறீங்க. பார்த்துப் பார்த்து, ஓ, இவங்க இப்படித்தான்னு கத்துக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி எப்ப கியர் மாத்தணும், எவ்ளோ பெட்ரோல் விடணும்னு தன்னைத் தானே மாத்திக்கும். வண்டி தேயத் தேய அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துச் சரி பண்ணிக்கும். உங்க வண்டி உங்க காலுக்குப் பழகியிருந்துச்சு. நேத்து பதினொன்னே முக்காலுக்கு நான்தான் அதை அழிச்சேன். பத்து நிமிஷ வேலை.”

“அழிச்சா?”

“கம்பெனியிலேருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். அதுல தப்பில்ல. ஆனா அவரு உடனே ஹைவேயில போட்டு மிதிச்சிருக்காரு. புதுசா கத்துக்க உட்கார்ந்த வண்டிக்கு மொத வாத்தியார் அவரு. அதான் நீங்க லேசா காலை வெச்சாலே, பறக்கணுமோன்னு நினைச்சுக்கிட்டு தூக்குது.”

“மூணு வருஷம் கத்துக்கிட்டது திரும்ப வருமா?”

“அது வராது அக்கா. போனது போனதுதான். மறுபடி நீங்க ஓட்டினா மறுபடி கத்துக்கும். ஒரு முன்னூறு, நானூறு கிலோமீட்டர். ஆனா ஒரே ஆளு ஓட்டணும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு அவருன்னா அது யாரு பேச்சைக் கேக்கும்?”

சாகிரா நேற்றைய ஜாப் கார்டைக் கேட்டாள். வளர்மதி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். கஸ்டமர் சொன்ன புகார் என்ற கட்டத்தில் அச்சடித்திருந்தது:

‘லேடீஸ் யூஸ். பிக்கப் இல்லை.’

சாகிரா அதை இரண்டு தடவை படித்தாள். காது மடல் சூடாகிக்கொண்டு வந்தது.

“கஸ்டமர் சொல்றதை அப்படியே ஏத்தணும்னு இங்க ரூல் அக்கா,” என்றாள் வளர்மதி மெதுவாக. “அடிக்கும்போதே எனக்கு விரலு கூசுச்சு. நானும் ஒரு லேடீஸ்தானே.”

“லேடீஸ் யூஸ்னா அது ஒரு வியாதியாம்மா? பிரேக் தேய்ஞ்சு போச்சு, டயர் வெடிச்சுப் போச்சு, லேடீஸ் ஓட்டிப் போச்சு. அப்படியா? மூணு வருஷத்துல இந்த வண்டியில ஒரு கீறல் இருக்கா? நீயே சொல்லு.”

“இல்ல அக்கா. இங்க வர்ற வண்டியில பிரேக் கட்டை இவ்ளோ நாள் தாங்கினது உங்க வண்டிதான்.”

சோபாவில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமி, மூடினபடியே பேசினார்.

“ஏம்மா, இங்க வா. அந்த வண்டி மெத்து மெத்துன்னு போகுமே. அது வண்டியோட குணம் இல்லையா?”

“இல்ல பெரியம்மா. உங்க மருமக காலோட குணம். அதைத்தான் வண்டி கத்துக்கிட்டுச்சு.”

மாமி கண்ணைத் திறந்தார். சாகிராவைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்த காரைப் பார்த்தார்.

“எம்மவன் வாங்கிக் கொடுத்த வண்டி, அதான் தொட்டில் மாதிரி போகுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வளர்மதி சாகிராவைத் தனியே அழைத்தாள். “ஒரு வழி இருக்கு அக்கா. இப்ப மறுபடி அழிச்சுட்டா நேத்து அவரு கத்துக் கொடுத்ததும் போயிடும். நீங்க முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். ஆனா ஓனர் நம்பருக்கு ஓடிபி போகும். அது வந்தாத்தான் கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியும்.”

“ஓனர் அவங்கதான். சார்ஜாவுல. இந்நேரம் வேலையில இருப்பாங்க, போனே எடுக்க மாட்டாங்க.”

“நேத்து வந்துச்சே அக்கா,” என்றாள் வளர்மதி. “ரெண்டு நிமிஷத்துல.”

சாகிராவுக்கு ஏ.சி. குளிர் அப்போதுதான் உறைத்தது.

வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிற மனுஷன். மகள் இனாயா பிறந்த செய்தியையே ஆறு மணி நேரம் கழித்துக் கேட்டவன். தம்பி கேட்டதும் இரண்டு நிமிஷத்தில் நம்பரைச் சொல்லியிருக்கிறான். எதற்கு என்று தெரிந்தேதான் சொல்லியிருப்பான். அப்புறமும் நேற்றுச் சாயங்காலம் அவளோடு பேசினானே, இனாயாவின் பரீட்சை மார்க்கை விசாரித்தானே, இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

“கேட்டுப் பாருங்களேன் அக்கா.”

“வேணாம்,” என்றாள் சாகிரா. “எதையும் அழிக்க வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும். எனக்குக் கால் இருக்கு. அதுக்கு யாருகிட்டயும் நம்பர் கேட்டு நிக்க வேண்டியதில்ல.”

ஜாப் கார்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் அந்த வண்டியோடு மல்லுக்கட்டவில்லை. அது கத்தினபோது இவள் காலை உதறவில்லை. அதே இடத்தில், அதே கனத்தில், மறுபடியும் மறுபடியும் வைத்தாள். பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அடிக்கட்டும். மக்காச்சோளம் கிளறின அம்மா தூரத்திலேயே அடையாளம் கண்டு கையாட்டினாள்.

மாமி பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். துஆ ஓதுகிறார் என்று நினைத்தாள் சாகிரா.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாமி சொன்னார். “பதினொன்னு.”

“மாமி?”

“போகும்போது பதினேழு. வரும்போது பதினொன்னு. சோளத்துக்கிட்ட தூக்கினதைச் சேர்க்கலை.”

கேட்டில் ஆசிப் நின்றான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பத்தடிக்கு அத்தர் வாசனை. கையை நீட்டினான்.

“சாவி அண்ணி. ஏற்கெனவே லேட்டு.”

சாகிரா இறங்கினாள். மாமியைக் கைத்தாங்கலாக இறக்கி வாசல் நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்புறம் கைப்பையைத் திறந்தாள். சாவி வரும் என்று அவன் இன்னும் கொஞ்சம் கையை நீட்டினான். ஜாப் கார்டுதான் வந்தது.

“படிங்க.”

“என்ன இது?”

“நீங்க சொல்லி ஏத்தினதுதான். உங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி படிங்க.”

ஆசிப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். “அட, இது சும்மா அவங்க கேட்டதுக்குச் சொன்னது. ஏன் பிக்கப் போச்சுன்னு கேட்டாங்க. லேடீஸ் ஓட்டுறாங்கன்னேன். உண்மைதானே? கத்தார்ல நாலு வருஷமா பெரிய வண்டி ஓட்டுறேன் அண்ணி. எனக்குத் தெரியாதா? வண்டின்னா ஒரு இழுவை வேணும். இது என்னமோ வழியெல்லாம் யோசிச்சு யோசிச்சுப் போகுது.”

“யோசிச்சுத்தான் போச்சு,” என்றாள் சாகிரா. குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “உங்கம்மா கையில ஊசி குத்தின இடம் பிரிஞ்சிடக் கூடாதுன்னு யோசிச்சுது. வயித்தைப் பிரட்டிடக் கூடாதுன்னு யோசிச்சுது. மூணு வருஷமா வாரம் மூணு நாள், நானும் அதுவும் சேர்ந்து யோசிச்சோம். நீங்க ஒருநாள் வந்து பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் தொடைச்சுப் போட்டுட்டு, எனக்கு ஓட்டத் தெரியலைங்கிறீங்க. எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த வண்டி ஏன் இப்படிப் போகுதுன்னு என்னைக் கேட்டீங்களா?”

“ஒரு வண்டிக்குப் போய் இவ்ளோ பெரிய பேச்சா?”

மாமி இடது கையைத் தூக்கிக் காட்டினார். புதுக் கட்டுக்குக் கீழே முழங்கை வரை கன்றிப் போயிருந்தது.

“வண்டிக்கு இல்லடா. இதுக்கு.”

ஆசிப்பின் கை தானாக இறங்கியது. “அம்மா, நான் வேணும்னு செய்யலைம்மா. எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுல்ல? தெரியாதவன் கை வைக்கக் கூடாது.” மாமி மூச்சு வாங்கினார். “சாவியை அவகிட்ட விடு. ஒரே ஆளு ஓட்டணுமாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு.”

“அப்ப நான் வலீமாவுக்கு எப்படிப் போறது?”

“அகரம்சீகூர்ல போய் நில்லு. அரியலூர் பஸ்ஸு வரும்.”

“அத்தர் பூசிக்கிட்டு பஸ்லயா!”

“பஸ்ஸு மணக்கட்டும்.”

பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசிப்புக்கு முகம் கறுத்தது. படியில் ஏறப் போனவன் நின்று திரும்பினான்.

“என்னை மட்டும் போட்டுப் பிழியுறீங்க. நானா தனியா செஞ்சேன்? அண்ணன்தான் ஓடிபி சொல்லுச்சு. சர்வீஸுக்குக் கொண்டுபோடான்னு சொன்னதே அண்ணன்தான்.”

மாமி சாகிராவைத் திரும்பிப் பார்த்தார். சாகிரா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

*

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அசர் தொழுகை முடிந்து, சார்ஜாவிலிருந்து போன் வரும். முதலில் மாமியின் கைக்குத்தான் போகும். மாமி கால் வலி, கை வலி எல்லாம் சொல்லி முடித்து, இனாயா இரண்டு பாட்டுப் பாடிக் காட்டி, அதற்குப் பிறகு மிச்சம் இருக்கிற நிமிஷங்கள் சாகிராவுக்கு. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் மாறியதில்லை.

சரியாக ஐந்துக்குப் போன் அடித்தது. சாகிரா எடுத்து, வழக்கம்போல மாமியிடம் நீட்டினாள்.

மாமி வாங்கவில்லை.

“இன்னைக்கு நீ மொதல்ல பேசு,” என்றார். சாகிராவின் கைப்பையிலிருந்து வலது கையால் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். “உக்காந்து பேசு. நின்னுக்கிட்டுப் பேசாத.”

சாகிரா உட்கார்ந்தாள். திரையில் நிஜாமுதீனின் முகம் வந்தது. அம்மாவை எதிர்பார்த்த முகம்.

“அம்மா எங்க?”

“இருக்காங்க. நான்தான் இன்னைக்கு மொதல்ல.” அவள் சுற்றி வளைக்கவில்லை. “நேத்து ஆசிப்புக்கு ஓடிபி சொன்னீங்களே. எதை அழிக்கிறாங்கன்னு கேட்டீங்களா?”

படம்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள். இல்லை. கண் சிமிட்டியது.

“அது ஒண்ணுமில்ல சாகிரா. வண்டி கொஞ்சம் நல்லா இழுத்தா…”

“இழுத்தா?”

“பார்க்க வர்றவங்களுக்குப் பிடிக்கும்ல.” நிஜாமுதீன் தொண்டையைச் செருமினான். “நாளைக்கு ஜெயங்கொண்டத்துலேருந்து ஒருத்தர் வண்டியைப் பார்க்க வர்றாரு. ஆசிப் இன்னும் உங்கிட்ட சொல்லலையா?”

வலீமாவுக்கும் போகாமல் படியில் நின்றிருந்த ஆசிப் தலையைக் குனிந்துகொண்டான். நாலு பக்கமும் நின்று எடுத்த போட்டோக்கள் யாருக்குப் போயின என்று இப்போது புரிந்தது. மாமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அடுத்த முறை மெஷினுக்கு மாமி எதில் போவார் என்று இந்த மூன்று ஆம்பிளை மூளையில் ஒன்றாவது கேட்டிருக்குமா? வாங்குகிறவன் மூளையையும் சேர்த்துத்தான்.

ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. சாவியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாளோ, உள்ளங்கையில் அதன் பல் பதிந்தது.

“வரட்டும்ங்க,” என்றாள் சாகிரா. “வந்தவரைப் பின் சீட்டுல, உங்கம்மா உக்கார்ற இடத்துல உக்காரச் சொல்லுங்க. வண்டியை நான் ஓட்டிக் காட்டுறேன்.”